எட்ச் பண்ணாம, தேவைப்பட்ட இடத்துல மட்டும் வெள்ளி படிய வைக்க முடியுமா? மூலக்கூறு பூச்சு பத்தி தெரிஞ்சவங்க வாங்க

கண்ணாடித்தகடு
எல்லாருக்கும் வணக்கம். கண்ணாடி மேல மெல்லிசா ஒரு வெள்ளி கிரிட் போடணும், ஒளியும் உள்ள போகணும் கரண்டும் ஓடணும், அந்த மாதிரி எலெக்ட்ரோட். வழக்கமான வழி தெரியும், முழுசா வெள்ளி படிய வச்சு, மேல ரெசிஸ்ட்ங்கிற ஒளி பட்டா மாறுற பூச்சைப் பூசி, எக்ஸ்போஸ் பண்ணி, வேண்டாததை ஆசிட்ல அரிச்சு எடுக்கணும். கிரிட்ல கோடு இருக்கிற இடம் கொஞ்சம்தான், மிச்சம் அத்தனையும் அரிச்சுக் கொட்டுறதுக்காகவே படிய வைக்கிற மாதிரி ஆகுது, அதுக்கு மனசு ஒப்பல. ரெண்டு மூணு நானோமீட்டர் தடிமன்ல ஒரு மூலக்கூறு பூச்சை வேண்டாத இடத்துல முன்னாடியே போட்டுட்டா அங்க உலோகமே உக்காராதுன்னு படிச்சேன். நான் பயன்படுத்தப் போறது சாதாரண தெர்மல் எவாப்பரேஷன், அதாவது வேக்யூம்ல உலோகத்தைச் சூடாக்கி ஆவியா படிய வைக்கிறது. அதுக்கும் இது வேலை செய்யுமா, இல்ல ஏஎல்டி (ஆவிகளை மாறி மாறி சுழற்சியா விட்டு அணு அடுக்கா வளர்க்கற முறை) மாதிரி மேற்பரப்புல ரசாயன வினை நடக்குற முறைக்கு மட்டும்தானா?

கேள்விக்காரன்
ஏஎல்டிக்கு ஓகே, எவாப்பரேஷனுக்கு வாய்ப்பில்லன்னு நினைக்கிறேன் ப்ரோ. அணு நேர்கோட்டுல பறந்து வருது, எதுல மோதுதோ அதுலயே ஒட்டுது, அதனாலதானே துளை போட்ட தகட்டை முன்னாடி வச்சு மறைக்கிற நிழல் மாஸ்க்குன்னு ஒண்ணு வேலையே செய்யுது. சூடான உலோக ஆவி குளிர்ந்த தகட்டுல பட்டா ஒட்டாம வேற எங்க போகும்? அடியில ரெண்டு நானோமீட்டர்ல என்ன இருக்குன்னு அதுக்கு என்ன கவலை?

பழைய_பம்ப்
கேள்விக்காரன் தம்பி, நீங்க சொல்றது நிறைய பேர் நம்புறது, ஆனா மோதின அணு மோதின இடத்துலயே நின்னுடும்ங்கிறது சரியில்ல. மோதி தன் வேகத்தை இழந்த அணு மேற்பரப்புல கொஞ்ச நேரம் அலையும். அந்த நேரத்துக்குள்ள இன்னொரு அணுவையோ, ஏற்கனவே சேர்ந்திருக்கிற ஒரு சின்னக் கூட்டத்தையோ பார்த்துட்டா அதோட சேர்ந்துக்கும், நிலைச்சிடும். பார்க்கலைன்னா திரும்ப ஆவியாகிப் போயிடும். அலையிற நேரம் எவ்ளோன்னு முடிவு பண்றது அந்தப் பரப்போட அதுக்கு இருக்கிற பிணைப்பு. சுத்தமான உலோகப் பரப்புன்னா பிணைப்பு பலமா இருக்கும், கிட்டத்தட்ட எல்லாமே நிக்கும். ஃப்ளோரின் நிறைஞ்ச பரப்புன்னா பிடிமானமே இல்ல.

இதுக்கு அளந்த கணக்கே இருக்கு. ஜெர்மனியில கீல் பல்கலைக்கழகத்துக்காரங்க 1999-ல பல பாலிமர் மேல வெள்ளி எவ்ளோ நிக்குதுன்னு கதிரியக்க வெள்ளியை வச்சே அளந்தாங்க. அறை வெப்பநிலையில பாலிஇமைடு மேல 0.95 வந்தது, அதாவது 100 அணு வந்தா 95 நிக்குது. டெஃப்லான் ஏஎஃப்ங்கிற ஃப்ளோரின் பாலிமர் மேல 0.002. 1000 வந்தா 2 தான் நிக்குது, மிச்சம் 998 திரும்பிப் போயிடுது. ஒரே வெள்ளி, ஒரே வேக்யூம், அடியில இருக்கிற பொருள் மட்டும்தான் வேற. அதனால கண்ணாடித்தகடு தம்பி கேட்டதுக்கு பதில், எவாப்பரேஷனுக்கும் நடக்கும், ஆனா எந்த உலோகம் எந்தப் பூச்சுன்னு பார்த்துதான் நடக்கும்.

கேள்விக்காரன்
0.95-க்கும் 0.002-க்கும் இவ்ளோ வித்தியாசம் இருக்கும்னு எதிர்பார்க்கல. அலுமினியமும் இப்படித்தானா?

பழைய_பம்ப்
அலுமினியத்தை இதுல சேர்க்காதீங்க. அது ரசாயனமா ரொம்ப வேகம், ஆக்சிஜன் இருக்கிற குரூப் எது கிடைச்சாலும் வினை புரிஞ்சு உக்காந்துடும். இந்த வித்தை நல்லா வர்றது வெள்ளி, செம்பு, மெக்னீசியம், துத்தநாகம் மாதிரி உலோகங்கள்ல. மெக்னீசியத்துல இதைப் பெரிய அளவுல யோசிச்சது ஓஎல்இடி டிஸ்ப்ளேக்காரங்க. ஸ்க்ரீனுக்கு அடியில கேமரா வைக்கணும்னா அந்த இடத்துல மட்டும் கேத்தோடுங்கிற உலோக எலெக்ட்ரோடு இல்லாம இருந்தா ஒளி நல்லா உள்ள வரும், அதுக்காக முன்னாடியே ஒரு கரிமப் பொருளை அந்த இடத்துல படிய வச்சிடுறாங்க, அப்புறம் மேல வர்ற உலோகம் அங்க மட்டும் உக்காராது.

சுருள்படலம்
இதைப் படிச்சதும் எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா கெப்பாசிட்டர் ஃபிலிம் மெட்டலைஸ் பண்ற மெஷின்ல இதே தத்துவம்தான் ரொம்ப காலமா ஓடிட்டிருக்கு, பேர் மட்டும் சாதாரணமா ஆயில் மாஸ்க்கிங். சுருள் கெப்பாசிட்டருக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் மேல அலுமினியமோ துத்தநாகமோ படிய வைப்பாங்க, ஆனா ஒரு ஓரத்துல மட்டும் உலோகமே இல்லாத பட்டை வேணும், இல்லைன்னா ரெண்டு எலெக்ட்ரோடும் ஷார்ட் ஆகிடும். அந்தப் பட்டைக்கு ஃபிலிம் உலோக ஆவிக்கு மேல வர்றதுக்கு சற்று முன்னாடி, வேக்யூமுக்குள்ளயே சூடான ஒரு ஆயில் பெட்டியோட சின்ன துளையிலிருந்து ஆயில் ஆவி அந்தக் கோட்டுல மட்டும் படும். கண்ணுக்கே தெரியாத ஆயில் படலம். அடுத்த நொடி உலோக ஆவி வருது, ஆயில் பட்ட இடம் மட்டும் பளிச்சுன்னு வெறும் பிளாஸ்டிக்கா வெளிய வரும், ஓரம் கத்தியில கீறின மாதிரி இருக்கும்.

கவனிச்சீங்களா, பம்ப் அண்ணன் சேர்க்காதீங்கன்னு சொன்ன அலுமினியமே இங்க ஒதுங்குது. ஆனா காரணம் வேற. இங்க ஆயிலே சூட்டுல ஆவியாகி மேல எழும்பி, வர்ற உலோகத்தைத் தள்ளிவிடுது, ஃபிலிம் மேல இருக்கிற ஆயிலும் அந்த ஒரு நொடிக்குள்ளயே கிட்டத்தட்ட தீர்ந்துடுது. ஆயில் கம்மியானா பட்டைக்குள்ள லேசா மங்கல் தெரியும், அதிகமானா ஓரம் கலைஞ்சு போய் உலோகம் பக்கத்துல சரியா ஒட்டாது. ரெண்டுக்கும் நடுவுல சரியான அளவைப் பிடிக்கிறதுதான் ஆபரேட்டரோட கைவண்ணம்.

துத்தநாகத்துல இன்னொரு விஷயம். அது வெறும் பிளாஸ்டிக்ல தானா சரியா உக்காராது, அதனால முன்னாடியே துளி அலுமினியமோ வெள்ளியோ விதை மாதிரி போடுவாங்க, அது இருக்கிற இடத்துல துத்தநாகம் கெட்டியா படியும். ஒரு பக்கம் ஆயில் வேணாம்னு சொல்லுது, இன்னொரு பக்கம் விதை வான்னு கூப்பிடுது, ரெண்டும் ஒரே மெஷின்ல நடக்குது.

கண்ணாடித்தகடு
இது சூப்பர் தகவல், ஆயில் மாஸ்க்கிங் பத்தி கேள்விப்பட்டதே இல்ல. ஆனா எனக்கு வேண்டியது மைக்ரோமீட்டர் அகலக் கோடு, ஆயில் ஓடிப் பரவிடுமே. பரப்போட கெட்டியா பிணைஞ்ச மூலக்கூறு அடுக்குதான் சரின்னு நினைக்கிறேன். ஓடிஎஸ், அதான் ஆக்டாடெசில் ட்ரைக்ளோரோசைலேன், போதுமா? அது கண்ணாடியில நல்லா பிடிக்கும்னு தெரியும்.

தயால்_தங்கம்
ஓடிஎஸ் கண்ணாடியில நல்லா பிடிக்கும் சரி, ஆனா உங்க வெள்ளிக்கு அது போதாது. ஏன்னு சொல்றேன்.

ஓடிஎஸ் அடுக்கு 18 கார்பன் சங்கிலி நெருக்கமா நிக்கிற ஒரு காடு, தடிமன் சுமார் 2.5 நானோமீட்டர், மேல தெரியறது வெறும் மெத்தில் குரூப். தண்ணி துளி வச்சா 110 டிகிரி கோணத்துல உருண்டு நிக்கும், அதைப் பார்த்து உலோகமும் இப்படித்தான் உருளும்னு நினைச்சிடுவோம். உலோக அணு ஒத்தையா வருது, தண்ணி துளி மாதிரி கூட்டமா இல்ல. மெத்தில் முனை மேல வந்த வெள்ளி அணு வினை எதுவும் பண்ணாது, ஆனா சங்கிலிக்கு நடுவுல இருக்கிற சந்து வழியா கீழ இறங்கிடும். தங்கத்து மேல போட்ட தயால் (கந்தக முனை உள்ள மூலக்கூறு) அடுக்குல இதைத் தெளிவாவே பார்த்திருக்காங்க, மேல ஆவியா வந்த வெள்ளி சங்கிலி அடுக்குக்குள்ள ஊடுருவி அடியில இருக்கிற தங்கத்தோட போய்ச் சேருது. அந்த அடுக்குல சங்கிலிகள் சுமார் 30 டிகிரி சாய்ஞ்சு நிக்கும், ரெண்டு கந்தகத்துக்கு நடுவுல 0.5 நானோமீட்டர், நெருக்கம்னு தோணும், ஆனா சங்கிலி சதா அசைஞ்சுகிட்டே இருக்கு, அணு நுழைய அது போதும்.

அதனால எவாப்பரேஷனுக்கு ஃப்ளோரின் முனைதான். பிரிட்டன்ல வார்விக் பல்கலைக்கழகக் குழு 2020 வாக்குல இதைத்தான் காட்டினாங்க, ஃப்ளோரின் கொண்ட கரிமப் பொருளை ரொம்ப மெல்லிசா பிரிண்ட் பண்ணி வச்சுட்டு மேல வெள்ளியோ செம்போ ஆவியா விட்டா, பிரிண்ட் இல்லாத இடத்துல மட்டும் உலோகம் வளருது. எட்ச் இல்ல, அரிச்சுக் கொட்ட ஆசிட் கழிவும் இல்ல. நீங்க கேட்ட கிரிட் எலெக்ட்ரோடுக்கு நேரா பொருந்துற வேலை அது.

நானோநிலா
லேட்டா வந்துட்டேன், ஆனா இங்க எல்லாரும் "உக்காராது", "ஒட்டாது"ன்னு பேசறதைப் பார்த்தா ஒண்ணை அழுத்திச் சொல்லணும். எந்த மூலக்கூறு பூச்சும் உலோகத்தைத் தடுக்கறதில்ல. தாமதப்படுத்துது, அவ்ளோதான். பம்ப் அண்ணன் சொன்ன 0.002 கூட பூஜ்யம் இல்லையே. அந்த 1000-ல 2 எங்கயோ ஒரு குறை இருக்கிற இடத்துல, ஒரு தூசு மேல, சங்கிலி சரியா அடுக்கப்படாத ஓட்டையில நிக்கும், நின்ன பிறகு அதுவே உலோகம், அடுத்து வர்ற அணுவுக்கு அது அருமையான இடம். அதுக்கப்புறம் வளர்ச்சி வேகமெடுக்கும். வரைபடம் போட்டா முதல்ல ஒண்ணுமே இல்லாத மாதிரி தட்டையா போகும், ஒரு கட்டத்துல சட்டுன்னு மேல ஏறும். நமக்குக் கிடைக்கிறது அந்தத் தட்டையான காலம் மட்டும்தான், வேண்டிய தடிமன் அதுக்குள்ள வந்துடணும்.

சிப் ஃபேப்ல ஏரியா செலக்டிவ் டெபாசிஷன்னு இதைத்தான் துரத்துறோம். அடுக்கு மேல அடுக்கா வரைஞ்ச கோடுங்க ஒண்ணுக்கொண்ணு சில நானோமீட்டர் நகர்ந்தாலே கனெக்ஷன் தப்பாகிடுது, அதனால உலோகம் இருக்கிற இடத்தை உலோகமே அடையாளம் கண்டு அது மேல மட்டும் அடுத்த அடுக்கு வளரணும், மாஸ்க்கை நகர்த்தி வைக்கிற வேலையே இருக்கக் கூடாது. ஸ்டான்ஃபோர்டுல ஸ்டேசி பென்ட் குழு ஓடிஎஸ் வச்சு ஏஎல்டியைத் தடுக்கறதுல நிறைய செஞ்சிருக்காங்க. அவங்க வேலையில தெரிஞ்ச முக்கியமான விஷயம், தண்ணிக் கோணம் சீக்கிரமே 110 டிகிரிக்கிட்ட வந்து நின்னுடும், பார்க்க அடுக்கு முடிஞ்ச மாதிரி இருக்கும், ஆனா பிளாட்டினத்தையோ ஹாஃப்னியம் ஆக்சைடையோ முழுசா தடுக்கிற தரம் வர அதே கரைசல்ல 48 மணி நேரம் வரைக்கும் ஊற வைக்க வேண்டியிருந்தது. மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்ச ஓட்டை அவ்ளோ நேரம் எடுத்துதான் அடையுது, அந்த ஓட்டை வழியாத்தான் எல்லாமே நுழையுது. கோணத்தை மட்டும் பார்த்து "பூச்சு ரெடி"ன்னு முடிவு பண்ணாதீங்க.

கேள்விக்காரன்
அப்போ ஏஎல்டில ஓடிஎஸ் வேலை செய்யுது, எவாப்பரேஷன்ல செய்யல. ஏன் அக்கா? ஏஎல்டில வர்ற மூலக்கூறும் அதே சந்துல நுழையலாமே?

நானோநிலா
ரெண்டு காரணம். ஒண்ணு, ஏஎல்டில வர்றது ஒத்தை அணு இல்ல, உலோக அணுவைச் சுத்தி லிகண்ட்ங்கிற பக்கக் குரூப்புங்க கட்டின பெரிய மூலக்கூறு, நெருக்கமான அடுக்குக்குள்ள நுழையறது கஷ்டம். ரெண்டு, அது நிலைச்சு நிக்க ஹைட்ராக்சில் மாதிரி வினை புரியிற குரூப் வேணும், ஓடிஎஸ் அந்த ஹைட்ராக்சிலை எல்லாம் ஏற்கனவே பிடிச்சு வச்சிருக்கு. வெறும் வெள்ளி அணுவுக்கு வினையே தேவையில்ல, இன்னொரு வெள்ளி அணு கிடைச்சா போதும். அதனாலதான் ஏஎல்டில வினையை மூடணும், எவாப்பரேஷன்ல பிடிமானத்தையே குறைக்கணும்.

இன்னொண்ணு, ஏஎல்டில பூச்சை நடுநடுவுல புதுப்பிக்கலாம். நெதர்லாந்துல ஐந்தோவன் பல்கலைக்கழகத்து கெசல்ஸ் குழு 2017-ல அசிட்டைல்அசிட்டோன்ங்கிற சின்ன மூலக்கூறை ஒவ்வொரு சுழற்சியிலயும் முதல் படியா விட்டாங்க. அது அலுமினா மேல உக்காந்துக்கும், சிலிக்கா மேல உக்காராது, அதனால சிலிக்கா மேல மட்டும் படலம் வளர்ந்தது. சுழற்சி கடைசியில வர்ற பிளாஸ்மா அதை எரிச்சு எடுத்துடும், அடுத்த சுழற்சியில புதுசா வரும். நீளமான அடுக்கை 48 மணி நேரம் ஊற வைக்கறதுக்கு பதிலா சில நொடி ஆவி. ஃபேக்டரிக்கு இதுதான் ஒத்து வரும். அது ஆக்சைடு படலம், ஆனா ரூத்தேனியம் மாதிரி உலோகத்துலயும் இதே பாதையில போயிட்டிருக்காங்க, சிலிக்கா மேல ட்ரைமெத்தில்சிலைல் குரூப்பை ஆவியா ஒட்ட வச்சு மூடிட்டு, உலோகத்து மேல மட்டும் ரூத்தேனியம் வளர்க்கறது.

கண்ணாடித்தகடு
அக்கா, தாமதம்னு சொன்னது கண்ணைத் திறந்த மாதிரி இருக்கு. எனக்கு வெள்ளி ஒரு 50 நானோமீட்டர் வேணும். அதுக்குள்ள அந்தத் தட்டையான காலம் முடிஞ்சிடாம பார்த்துக்க எதையெல்லாம் மாத்தலாம்?

பழைய_பம்ப்
வேகத்தைக் குறைங்க, அதுதான் முதல்ல. வினாடிக்கு வர்ற அணு குறைஞ்சா, பூச்சு மேல அலையிற ரெண்டு அணு ஒண்ணையொண்ணு பார்க்கிறதுக்கு முன்னாடியே ஆவியாகிடும். வேகம் கூடினா கூட்டம் கூடும், கூட்டம் கூடினா விதை விழும். தகட்டை லேசா சூடாக்கறதும் அதே பலன், சீக்கிரம் கிளம்பிடும். ஆனா ரெண்டுலயும் ஒரு விலை இருக்கு, வேண்டிய இடத்துலயும் வெள்ளி பெரிய பெரிய தீவா வளரும், கண்ணாடி மேல வெள்ளி தானாவே தீவு தீவாத்தான் வளர ஆரம்பிக்கும், சூடு கூட்டினா இன்னும் மோசம், கரண்ட் ஓடத் தொடங்கவே தடிமன் அதிகம் தேவைப்படும்.

தயால்_தங்கம்
அதுக்குத்தான் சுருள்படலம் சொன்ன விதை. உங்க கண்ணாடிக்கு நான் சொல்றது எம்பிடிஎம்எஸ், மெர்காப்டோபுரோபைல் ட்ரைமெத்தாக்சிசைலேன். ஒரு முனை கண்ணாடியைப் பிடிச்சுக்கும், இன்னொரு முனையில இருக்கிற கந்தகம் வெள்ளியையோ தங்கத்தையோ பிடிச்சுக்கும். தங்கத்துக்கு அடியில குரோமியம் போடறதுக்கு பதிலா இதைப் போடற வழி 1991-லயே வந்துடுச்சு. வேண்டிய இடத்துல இந்த மூலக்கூறு, வேண்டாத இடத்துல ஃப்ளோரின் மூலக்கூறு. ஒரே சைலேன் குடும்பம், கண்ணாடியைப் பிடிக்கிற முனை ரெண்டுக்கும் ஒரே மாதிரி, வெளிய தெரியிற முனைதான் வேற. அப்போ வெள்ளி ஒரு பக்கம் நெருக்கமா விதை போடும், இன்னொரு பக்கம் கிளம்பிடும், ரெண்டுக்கும் இருக்கிற இடைவெளிதான் உங்களுக்கு வேலை செய்ய கிடைக்கிற இடம். வேகத்தை ரொம்பக் குறைக்க வேண்டிய அவசியமும் வராது.

வரிசை முக்கியம். முதல்ல ஃப்ளோரின் சைலேனை ஸ்டாம்ப்ல அச்சடிங்க, பிடிஎம்எஸ்ங்கிற சிலிகான் ரப்பர் ஸ்டாம்ப், 1993-ல கும்மாரும் வைட்சைட்ஸும் தங்கத்துல காட்டின மைக்ரோகான்டாக்ட் பிரிண்டிங் முறைதான், அப்புறம் மிச்ச இடத்துக்கு எம்பிடிஎம்எஸ்ஸை ஆவியா விடுங்க. மாத்திச் செஞ்சா கந்தக முனை மேல சைலேன் போய் உக்கார வாய்ப்பு இருக்கு.

நானோநிலா
கோடு ஓரத்தையும் பார்த்துக்கோங்க. பூச்சு ரெண்டு நானோமீட்டர், வெள்ளி 50. பூச்சோட உயரத்தைத் தாண்டின உடனே பக்கச்சுவர்னு தடுக்க எதுவும் இல்ல, வெள்ளி மேலயும் வளரும், பக்கவாட்டுலயும் பூச்சு மேல சாஞ்சு வளரும், காளான் குடை மாதிரி. மைக்ரோமீட்டர் கோட்டுக்கு 50 நானோமீட்டர் பெரிய விஷயமில்ல. எங்க அளவுக்கு அதுவே கோட்டைவிட அகலம்.

நல்ல செய்தியும் ஒண்ணு இருக்கு. பூச்சு போட்ட இடம் குறுகலா இருந்தா, அது மேல அலையிற அணு பக்கத்துல இருக்கிற வெள்ளிக் கோட்டைப் பார்த்து அங்கயே போய்ச் சேர்ந்துடும். அகலமான வெற்று இடத்தோட நடுவுலதான் முதல்ல புள்ளி புள்ளியா அழுக்கு தெரியும். கிரிட் டிசைன் பண்ணும்போதே பெரிய காலி இடம் எங்கன்னு பார்த்து அங்க மைக்ரோஸ்கோப்பை வச்சுப் பாருங்க.

கேள்விக்காரன்
அச்சடிச்சது சரியா விழுந்திருக்கான்னு வேக்யூமுக்குள்ள போடறதுக்கு முன்னாடி எப்படித் தெரியும்? ரெண்டு நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாதே.

தயால்_தங்கம்
தகட்டை வெளிச்சத்துக்கு எதிரா சாய்ச்சுப் பிடிச்சு லேசா வாயால ஊதுங்க. ஃப்ளோரின் இருக்கிற இடத்துல மூச்சு ஈரம் தனித்தனித் துளியா நின்னு வெள்ளை மங்கலா தெரியும், வெறும் கண்ணாடியில ஈரம் படலமா பரவி தெளிவா இருக்கும், அச்சு அப்படியே ஒரு ரெண்டு நொடி கண்ணு முன்னாடி எழும்பி வந்து மறையும். விரல் ரேகை பட்ட இடம், ஸ்டாம்ப் சரியா அமுங்காத மூலை, எல்லாம் அந்த ரெண்டு நொடியில தெரிஞ்சிடும். எம்பிடிஎம்எஸ் போடறதுக்கு முன்னாடியே ஊதிப் பாருங்க, போட்ட பிறகு வித்தியாசம் மங்கிடும்.

கண்ணாடித்தகடு
இது நாளைக்கே பண்ணிடுவேன். இன்னொரு சந்தேகம், ஃப்ளோரின்னா பிஎஃப்ஏஎஸ் (சுலபத்துல அழியாத ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம்) பிரச்சனை வருமே? அரிச்சுக் கொட்டறதை நிறுத்தறேன்னு கிளம்பிட்டு அழியாத ரசாயனத்தைக் கையில எடுக்கறது எனக்கு உறுத்துது.

நானோநிலா
உறுத்த வேண்டியதுதான், நியாயமான கேள்வி. ஐரோப்பாவுல டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் அஞ்சு நாடும் சேர்ந்து 2023 ஜனவரியில பிஎஃப்ஏஎஸ் மொத்தக் குடும்பத்துக்கும் கட்டுப்பாடு கேட்டு முன்மொழிவு கொடுத்தாங்க. அளவு கம்மிங்கிறது உண்மை, ஒரு மூலக்கூறு தடிமன் அடுக்கு ஒரு சதுர மீட்டருக்கு சில மில்லிகிராம்தான். ஆனா அச்சடிக்கற கரைசல், ஸ்டாம்ப் கழுவற சால்வென்ட், அதெல்லாம் தகட்டுல நிக்கறதைவிட பல மடங்கு. அதை சிங்க்ல ஊத்தாம தனி கேன்ல சேர்த்து எரிக்கிற இடத்துக்கு அனுப்பணும்.

தயால்_தங்கம்
ஃப்ளோரினே வேண்டாம்னா எவாப்பரேஷனை விட்டுட்டு கரைசல்ல படிய வைங்க, எலெக்ட்ரோலெஸ், அதாவது கரண்ட் இல்லாம ரசாயன வினையிலேயே உலோகம் படியிற முறை. அங்க தடுக்க வேண்டியதே இல்ல, கூப்பிட்டாத்தான் வரும். பல்லேடியம் வினையூக்கி எங்க உக்காருதோ அங்க மட்டும்தான் நிக்கலோ செம்போ கரைசலிலிருந்து இறங்கும். அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்துக்காரங்க 1991-லயே மூலக்கூறு அடுக்கு மேல 193 நானோமீட்டர் புறஊதா ஒளியை மாஸ்க் வழியா விட்டு, ஒளி பட்ட இடத்துல அடுக்கோட குணத்தை மாத்தி, வினையூக்கி எங்க ஒட்டணும்னு தேர்ந்தெடுத்து, அங்க நிக்கல் வளர்த்துக் காட்டினாங்க. அமீன் முனை சைலேனை ஸ்டாம்ப்ல அச்சடிச்சா இன்னும் எளிது, பல்லேடியம் அமீனை விரும்பிப் பிடிக்கும்.

வெள்ளியேதான் வேணும்னா டாலன்ஸ் கரைசல் (அமோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்) இருக்கு, ஆனா தயவுசெஞ்சு கேளுங்க, அதை அப்பப்போ தயாரிச்சு உடனே பயன்படுத்தி உடனே அமிலம் விட்டு அழிச்சிடணும். மிச்சத்தை பாட்டில்ல மூடி வச்சா காய்ஞ்சு வெடிக்கிற பொருள் உருவாகும். இதுல சமரசமே கிடையாது.

சுருள்படலம்
எலெக்ட்ரோலெஸ்ல நேரம் கூடினா கரைசலே தானா உடைஞ்சு எல்லா இடத்துலயும் துகள் கொட்டும், அதையும் கணக்குல வைங்க. வேண்டாத இடத்துல கருப்பா தூள் தெரிய ஆரம்பிச்சா பாத்திரத்தை மாத்துங்க, தகட்டை நோண்டாதீங்க.

கண்ணாடித்தகடு
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ ரெண்டையும் செஞ்சு பார்க்கிறேன். ஒரு தகடு ஃப்ளோரின் அச்சு, மிச்ச இடத்துல எம்பிடிஎம்எஸ், மெதுவான எவாப்பரேஷன். இன்னொரு தகடு அமீன் அச்சு, பல்லேடியம், எலெக்ட்ரோலெஸ் செம்பு. கடைசியா ஒண்ணு, சைலேன் அச்சடிக்கும்போது அறை ஈரப்பதம் எவ்ளோ இருக்கணும்? சிலர் தண்ணியே கூடாதுங்கிறாங்க, சிலர் வேணும்ங்கிறாங்க.

தயால்_தங்கம்
ட்ரைக்ளோரோசைலேன்னா கண்ணாடி மேல ஒட்டியிருக்கிற மெல்லிய ஈரப் படலம் வேணும், கரைசல்ல ஈரம் கூடாது. கரைசல்ல தண்ணி இருந்தா மூலக்கூறுங்க ஒண்ணோடொண்ணு பிணைஞ்சு கட்டி கட்டியா கண்ணாடியில விழும், அந்தக் கட்டி ஒவ்வொண்ணும் வெள்ளிக்கு விதைதான். கரைசலை உலர்ந்த நைட்ரஜன்ல கலக்குங்க, லேசா கலங்கினா கொட்டிட்டு புதுசா கலக்குங்க. வினையில ஹைட்ரஜன் குளோரைடு வரும், ஹூடுக்குள்ளதான் எல்லாமே. தகட்டை யூவி ஓசோன்ல சுத்தம் பண்ணின கையோட அச்சடிச்சிடுங்க, வெளிய வச்சா காத்துல இருக்கிற கரிமப் பொருள் வந்து படிஞ்சிடும். அச்சு விழுந்ததும் ஊதிப் பார்த்து அந்த போட்டோவை இங்க போடுங்க, மூலையில எப்படி விழுந்திருக்குன்னு பார்த்துட்டு மேல பேசலாம்.